பனி மூடிய சரிவில் ஹெலிகாப்டர்: ஆழம் தெரியாமல் காலை விடுவது

தும்பி77 | ஜனவரி 11, இரவு 9.42

சந்தேகம் என்பதைவிட வாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாறைச் சரிவைவிடப் பனிச்சரிவில் ஹெலிகாப்டரை இறக்குவது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? பனி மெத்தை மாதிரி. ஸ்கிட் (அடியில் இருக்கும் சறுக்குக் கால்) கொஞ்சம் புதையும், சரிவை அதுவே சமன் செய்துவிடும். கையேட்டில் 8 டிகிரி என்று போட்டிருந்தால் 8 டிகிரிச் சரிவு வரைக்கும் தாராளமாக இறங்கலாம். எவரெஸ்ட் உச்சியிலேயே 2005-ல் இறக்கிவிட்டார்கள். அப்புறம் பனியில் இறங்குவது ஆபத்து என்று எதற்கு இத்தனை பயமுறுத்தல்?

காற்றாடி | ஜனவரி 11, இரவு 11.05

வில்லங்கமே அந்த மெத்தையில்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு அமுங்கும் என்று யார் சொன்னது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்கிட்டுக்கும் நடுவே 2.2 மீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட 20 செ.மீ. கூடுதலாகப் புதைந்தால் உடல் 5 டிகிரிக்குச் சற்று மேலே சாயும். 30 செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 8. இது சமதளப் பனியில். ஏற்கெனவே 5 டிகிரிச் சரிவில் நிற்கும்போது பள்ளப்பக்க ஸ்கிட் 20 செ.மீ. இறங்கினால் 10 டிகிரி தாண்டிவிட்டீர்கள். மேட்டுப்பக்கம் புதைந்தால் உங்கள் வாதம் சரிதான், சாய்வு குறையும். எந்தப் பக்கம் புதையும் என்பதைப் பனி தீர்மானிக்கும், நீங்கள் இல்லை.

கையேட்டில் உள்ள எண் ஹெலிகாப்டர் உட்கார்ந்த பிறகு அதன் உடல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கானது. மலையின் சரிவுக்கு அல்ல. அதுவும் எல்லாத் திசைக்கும் ஒரே எண் கிடையாது. ஏஎஸ்350 என்ற பிரெஞ்சு ஹெலிகாப்டர் குடும்பத்தில் பக்கவாட்டில் 8, மூக்கு மேல்நோக்கி 10, கீழ்நோக்கி 6. பிளாக் ஹாக் போன்ற சக்கர வகையில் பக்கவாட்டில் 15 வரை போகலாம், மூக்கு கீழ்நோக்கி என்றால் அங்கேயும் 6-தான்.

எவரெஸ்ட்: 2005 மே 14, விமானி டிடியே டெல்சால், ஏஎஸ்350 பி3. 3 நிமிடம் 50 நொடி ஸ்கிட் உச்சியைத் தொட்டிருந்தது. கலெக்டிவை (தூக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) இறக்கி எடையைப் பனியின் மேல் வைக்கவில்லை. ரோட்டார் (மேலே சுழலும் விசிறி) முழுக்கத் தூக்கிக்கொண்டிருக்க, ஸ்கிட் நுனி தரையில் ஊன்றியிருந்தது. சாதனைதான், சந்தேகமே இல்லை. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 40 சதவீதம். ஆனால் அது உட்கார்ந்த கணக்கில் வராது, எட்டிப் பிடித்து நின்ற கணக்கு.

காற்றாடி | ஜனவரி 12, காலை 7.20

செய்முறையைச் சொல்லாமல் போய்விட்டேன். முதலில் கெட்டியான தரைச் சரிவு, பிறகு பனி.

சரிவுக்குக் குறுக்காக நிற்க வேண்டும், அதாவது ஒரு ஸ்கிட் மேட்டுப்பக்கம், மற்றது பள்ளப்பக்கம். மூக்கைப் பள்ளம் பார்த்து வைத்தால் வால் ரோட்டார் மேட்டில் இடிக்கும். ஹோவரில், அதாவது அந்தரத்தில் அசையாமல், நிலைத்து, கலெக்டிவை மெல்ல இறக்கி, மேட்டுப்பக்க ஸ்கிட் தொட்டதும் சைக்ளிக்கை (ரோட்டாரை வேண்டிய பக்கம் சாய்க்கும் பிடி) மேட்டுப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மேலும் இறக்க வேண்டும். ரோட்டார் தட்டு (சுழலும் பிளேடுகள் வரையும் வட்டம்) கிடைமட்டமாகவே இருக்கும், அதன் கீழே உடல் மட்டும் சாயும். பள்ளப்பக்க ஸ்கிட் தொடுவதற்கு முன்பே சைக்ளிக் ஓரத்தில் போய் முட்டிவிட்டால் அந்தச் சரிவு உங்களுக்கு இல்லை. மேட்டுப்பக்க ஸ்கிட்டைத் தரையில் வைத்தபடியே உடலை மட்டப்படுத்தி, நேராக எழும்பி, வேறு இடம் பாருங்கள். இரண்டும் உட்கார்ந்து, கலெக்டிவ் முழுக்க இறங்கிய பிறகுதான் சைக்ளிக் நடுவுக்கு வரும். அதுவரை ரோட்டார் வேகம் முழு அளவில்.

பனியில் இதே வரிசைதான். ஆனால் 'தொட்டது' என்ற சொல்லுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது. ஸ்கிட் தொடுகிறது, நிற்கிறது, பிறகு மேல்பொருக்கு உடைந்து இறங்குகிறது. வெயில் பட்டு உறைந்த பொருக்கு எடையில் பாதியைச் சத்தமில்லாமல் தாங்கும், முக்கால் வரும்போது பொசுக்கென்று விட்டுவிடும். அதனால் கலெக்டிவை ஒரே இழுப்பில் இறக்காமல் ஐந்தாறு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். கதவுக் கண்ணாடிச் சட்டத்தையும் வெளியே ஒரு பாறை முனையையும் ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு நகர்ந்தால் நீங்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பாதி எடை வைத்து, கொஞ்சம் தூக்கி, மறுபடி வைத்து, பனியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதும் உண்டு.

கலெக்டிவ் அடியில் போய்ச் சேர்ந்து, அதன் பிறகும் ஒன்றும் அசையவில்லை என்றால்தான் இறங்கியாயிற்று என்று பெயர்.

காற்றாடி | ஜனவரி 12, காலை 7.31

ஒரு திருத்தம். 'பனிச்சரிவு' என்று நாம் எழுதுவதைப் பார்த்து மலையிலிருந்து பனி உருண்டு வருவதைப் பற்றிய இழை என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை அதற்கே எழுதிவைத்துவிட்டன. இனி 'பனி மூடிய சரிவு' என்றே எழுதுகிறேன். நீளம்தான், குழப்பம் இல்லை.

நட்டுபோல்ட் | ஜனவரி 12, மதியம் 1.15

சாய்ந்தால் சைக்ளிக்கை எதிர்ப்பக்கம் முழுக்கத் தள்ளினால் போச்சு. காற்றில் இருக்கும்போது அப்படித்தானே செய்கிறோம்?

காற்றாடி | ஜனவரி 12, இரவு 10.50

இந்த ஒரு நம்பிக்கைதான் நிறைய ஹெலிகாப்டர்களைக் கவிழ்த்திருக்கிறது.

காற்றில் உடல் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றிச் சாய்கிறது. ஒரு ஸ்கிட் மட்டும் தரையில் மாட்டிக்கொண்டால் அச்சு அந்த ஸ்கிட்டுக்கு மாறிவிடும். அப்போது ரோட்டாரின் தூக்குவிசையே உடலைப் புரட்டும் நெம்புகோல். உடல் புரளும் வேகம் கூடக்கூட, சைக்ளிக்கால் நிறுத்த முடியாத ஒரு கோணம் வந்துவிடும். பெரும்பாலான வகைகளில் அது 5 முதல் 8 டிகிரிக்குள். அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டரைக் கையால் தள்ளிக் கவிழ்க்க அதைப்போலப் பல மடங்கு சாய்க்க வேண்டும். அந்த நினைப்பில்தான் ஏமாறுகிறார்கள். டைனமிக் ரோல்ஓவர் என்பது இதுதான்.

மருந்து ஒன்றே: கலெக்டிவைக் கீழே விடுவது. தூக்குவிசை போனால் நெம்புகோல் போயிற்று, எடை அதை உட்கார வைக்கும். படீரென்று போடவும் கூடாது. அப்படிப் போட்டால் உடல் மறுபக்கம் துள்ளி அந்த ஸ்கிட்டில் முட்டி எதிர்த்திசையில் புரளப் பார்க்கும். இரண்டு பிளேடு ஊசலாடும் ரோட்டார் என்றால் தலைப்பகுதி தண்டில் போய் இடிக்கும். வேகமாக, ஆனால் ஒரே சீராக.

பனியில் இது இன்னும் கெட்டது. தரையில் ஸ்கிட் மாட்டக் கல்லோ வேரோ வேண்டும். பனியில் புதைந்த ஸ்கிட் தானாகவே மாட்டிக்கொண்டதுதான்.

நட்டுபோல்ட் | ஜனவரி 14, காலை 8.02

சரி, ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பக்கத்தை மேட்டில் வைப்பது? இடதா, வலதா?

காற்றாடி | ஜனவரி 14, காலை 9.40

மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டார் என்றால் இடது. வால் ரோட்டார் உடலை வலப்பக்கம் தள்ளும், அதை ஈடுகட்ட ரோட்டார் தட்டை இடப்பக்கம் சாய்த்தே ஹோவர் செய்கிறோம். இடது ஸ்கிட் இயல்பாகவே தாழ்ந்து தொங்கும். அது மேட்டைத் தொடுவது இயற்கை.

காற்றாடி | ஜனவரி 14, மாலை 6.15

காலையில் எழுதியது பாதி உண்மை. இடது ஸ்கிட் மேட்டில் என்றால் ஹோவருக்கே சைக்ளிக் கொஞ்சம் இடப்பக்கம் போயிருக்கிறது, சரிவுக்கு மேலும் இடப்பக்கம் கொடுக்க வேண்டும். அதனால் சீக்கிரம் ஓரத்தில் முட்டும். வலது ஸ்கிட் மேட்டில் என்றால் சைக்ளிக்கில் இடம் மிச்சம், ஆனால் அந்த வலது ஸ்கிட்டை அச்சாக்கி உடலைப் புரட்ட வால் ரோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். இரண்டிலும் விலை உண்டு. 3 டிகிரிக்கு எப்படி வைத்தாலும் ஓடும், 7 டிகிரிக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

லாமா, ஏஎஸ்350 மாதிரிப் பிரெஞ்சு வகைகள் வலஞ்சுழி. மேலே சொன்னதில் இடதையும் வலதையும் மாற்றிப் படியுங்கள். (1969-ல் இமயமலையில் 7,500 மீட்டரில் இறங்கி ஏறியது லாமாதான். அந்த ரோட்டாரைக் குறைத்துப் பேச முடியாது.)

காற்று இதைவிட முக்கியம். பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசினால் சைக்ளிக்குக்கு வேலை குறையும். மேட்டிலிருந்து இறங்கி வரும் காற்று ரோட்டார் தட்டைப் பள்ளப்பக்கம் தள்ளும், இருக்கிற சைக்ளிக்கையும் அதுவே தின்றுவிடும். சாயங்காலம் குளிர்ந்த காற்று மலையிலிருந்து வழியத் தொடங்கும் என்பதால் காலையில் இறங்க முடிந்த இடம் மாலையில் முடியாமல் போகலாம்.

தும்பி77 | ஜனவரி 15, காலை 6.55

மெத்தை வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நீங்கள் இதுவரை பேசியதெல்லாம் ஸ்கிட் தொட்ட பிறகு. அதற்கு முன்னால் கண்ணுக்கு எதுவும் தெரியாதே?

காற்றாடி | ஜனவரி 15, இரவு 11.30

நியாயமான குத்து. கால்பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ரோட்டார் கீழே தள்ளும் காற்று தரையில் மோதி வெளியே ஓடி, விளிம்பில் சுருண்டு மேலேறி, மறுபடி ரோட்டாருக்குள் வரும். உலர்ந்த புதுப்பனி அதோடு சேர்ந்து சுற்றும். தரையிலிருந்து ரோட்டார் விட்டத்தின் அளவு உயரத்துக்கு வரும்போது வெண்புகை கிளம்பிவிடும். சில நொடியில் மேல், கீழ், தூரம் எதுவும் தெரியாது. நகராமல் நிற்பதாக நினைத்துக்கொண்டே பக்கவாட்டில் நழுவுவீர்கள். நழுவியபடி ஒரு ஸ்கிட் பனியில் குத்தினால் என்ன ஆகும் என்று 12-ம் தேதிக் குறிப்பில் எழுதியாயிற்று.

2021 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் நிக் பனியாறு அருகே, பனிச்சறுக்குக்காரர்களை ஏற்றிச் சென்ற ஏஎஸ்350 பி3 விழுந்து 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். ஒயிட்-அவுட்டில் (எல்லாம் வெள்ளையாகி ஒன்றும் தெரியாத நிலை) சிக்கியபோது அதற்குத் தக்கபடி செயல்படாததைத்தான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகச் சொன்னது.

என்ன செய்யலாம்? மூன்று வழி, மூன்றுக்கும் ஒரு முன்நிபந்தனை. இறங்குவதற்கு முன்பே ஒரு அடையாளம் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அது பனியைவிடக் கறுப்பாக, காற்றில் பறக்காததாக, விமானி உட்காரும் பக்கத்தில் முன்புறம் சற்று விலகி, ரோட்டார் விட்டத்துக்குள் இருக்க வேண்டும். பாறை, புதர், கொடி கட்டிய கம்பு எதுவும் சரி. ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சரிவில், மேலே ஒரு சுற்றுப் போகும்போது எடை கட்டிய வண்ணப் பையைப் போடுவார்கள். ஒன்று போட்டால் இடம் தெரியும். சரிவு தெரிய இரண்டு வேண்டும்.

முதல் வழி, உயரத்தில் ஹோவர் செய்து பனியை ஊதித் தள்ளிவிட்டு, அடையாளம் தெளிந்ததும் மெல்ல இறங்குவது. தரைக்கு அருகே கிடைக்கும் கூடுதல் தூக்கு இல்லாத உயரத்தில் தொங்க வேண்டும் என்பதால் சக்தி நிறைய வேண்டும், மலையில் அது எப்போதும் கைவசம் இருக்காது. அடியில் பனி ஆழமாக இருந்தால் ஊத ஊத வந்துகொண்டே இருக்கும், ஆளுக்குத்தான் பொறுமை போகும். இரண்டாவது, ஹோவரே இல்லாமல் முன்வேகமும் இறங்குவேகமும் ஒரே நேரத்தில் பூஜ்யமாகும்படி நேராகப் போய் வைப்பது. புகை பின்னாலேயே துரத்தி வரும், அது கதவருகே வருவதற்குள் ஸ்கிட் தொட்டுவிட வேண்டும். மூன்றாவது, சிறிது ஓடி இறங்குவது. சமதளத்துக்குச் சரி. சரிவில் மறந்துவிடுங்கள்.

அடையாளம் கண்ணிலிருந்து மறைந்த அந்த நொடியே முடிவு. 'இதோ தெளிந்துவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. உடலை மட்டமாக வைத்து, கருவிகளைப் பார்த்து, சக்தி கொடுத்து நேராக மேலே. இதற்கான சக்தி மிச்சம் இருக்கிறதா என்று இறங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

மேகமூட்டமான நாளில் கண் ஏமாறப் புகையே வேண்டாம். நிழல் விழாததால் சரிவா சமதளமா என்றே தெரியாது. ரேடியோ அல்டிமீட்டரை (ரேடியோ அலையால் உயரம் அளக்கும் கருவி) மட்டும் நம்பவும் கூடாது. உலர்ந்த ஆழ்பனியில் அதன் அலை கொஞ்சம் உள்ளே புகுந்து திரும்பும், உயரத்தை நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும்.

காற்றாடி | ஜனவரி 16, காலை 7.05

விட்டுப்போனது: இன்ஜின். அந்தப் பனிப்புகையைத்தான் இன்ஜினும் மூச்சாக இழுக்கிறது. காற்று உள்வாயிலில் பனி திரண்டு, கட்டியாக உடைந்து உள்ளே போனால் டர்பைன் அணையும். உள்வாயில் தடுப்பு, இடைவிடாத இக்னிஷன் (தீப்பொறி), பனியில் எவ்வளவு நேரம் ஹோவர் செய்யலாம் என்ற வரம்பு எல்லாம் வகைக்கு வகை மாறும். அந்தந்தக் கையேட்டின் பின்னிணைப்பைத் தேடிப் படியுங்கள்.

நட்டுபோல்ட் | ஜனவரி 18, மாலை 4.20

புதையாத கெட்டி ஐஸ் என்றால்? புகையும் இல்லை, புதையலும் இல்லை. நிம்மதிதானே!

காற்றாடி | ஜனவரி 18, இரவு 9.10

புதையல் இல்லை, சறுக்கல் உண்டு. ஈர ஐஸின் மேல் எஃகின் உராய்வுக் கெழு 0.05 அளவுக்கு இறங்கிவிடும். கணக்கில் அது 3 டிகிரிச் சரிவு. கையேடு 8 அனுமதித்தாலும் 3-லேயே நழுவத் தொடங்கலாம். இதில் ஒரு தந்திரமும் ஒளிந்திருக்கிறது. ரோட்டார் முழு வேகத்தில், சைக்ளிக் மேட்டுப்பக்கம் இருக்கும்வரை அசையாமல் நிற்கும். இறங்கியாயிற்று என்று கலெக்டிவை அடியில் போட்டு சைக்ளிக்கை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கிளம்பும், மெதுவாகப் பள்ளத்தை நோக்கி. வழியில் ஒரு சிறு மேடு தடுத்தால் அதுவே அச்சு.

இன்ஜினை நிறுத்தினால் இன்னொன்று. மறுபடி கிளப்பும்போது ரோட்டார் ஒரு பக்கம் சுழல, உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். தொடக்க வேகத்தில் வால் ரோட்டாருக்கு அதைத் தடுக்கும் பலம் இருக்காது. தரையின் பிடிமானமே தடுக்க வேண்டும், ஐஸில் அது கிடையாது. நிறுத்தாமல் வேலையை முடித்துக்கொண்டு போவதே மேல்.

தும்பி77 | ஜனவரி 19, காலை 10.00

ஆட்கள் எந்தப் பக்கம் இறங்க வேண்டும்?

காற்றாடி | ஜனவரி 19, இரவு 8.45

பள்ளப்பக்கம். போவதும் வருவதும் பள்ளப்பக்கம்தான், விமானியின் கண் படும்படி, வாலைச் சுற்றாமல்.

காரணத்தை அளந்தே பார்க்கலாம். ரோட்டார் விட்டம் 10.7 மீட்டர், தட்டின் உயரம் 3 மீட்டர் என்று வையுங்கள். 8 டிகிரிச் சரிவில் தட்டு கிடைமட்டமாக இருந்தால், மேட்டுப்பக்க நுனிக்குக் கீழே தரை 75 செ.மீ. உயர்ந்திருக்கும். மிச்சம் 2.25 மீட்டர். ஸ்கிட் அரை மீட்டர் புதைந்திருந்தால் 1.75. ஆள் உயரம் அவ்வளவுதான். தோளில் பனிச்சறுக்குப் பலகையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மேட்டுப்பக்கம் ஓடுகிறவரை நினைத்துப் பாருங்கள்.

எடையும் மாறும். 2,000 கிலோ ஹெலிகாப்டரில் நடுக்கோட்டிலிருந்து 0.8 மீட்டரில் உட்கார்ந்திருக்கும் 80 கிலோ ஆள் இறங்கினால் ஈர்ப்பு மையம் 3 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் நகரும். அதே பக்கத்திலிருந்து இரண்டாமவரும் இறங்கினால் 7. எண் சின்னதுதான், ஆனால் பொருக்கின் மேல் அரைகுறையாக நிற்கும்போது அதுவே போதும். அதனால் ஒருவர் பின் ஒருவராக, ஸ்கிட் படியில் நின்று, குதிக்காமல், எடையை மெல்ல மாற்றி. ஒவ்வொரு ஆளுக்கும் விமானி தலையாட்ட வேண்டும். இறங்கியவர் மூட்டையோடு அங்கேயே முட்டி போட்டுக் குனிந்திருந்து, ஹெலிகாப்டர் போன பிறகு எழுந்தால் போதும்.

பனியாறு என்றால் இறங்கும் ஆள் முதலில் ஒரு கையால் ஸ்கிட்டைப் பிடித்துக்கொண்டே நீளக்கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும், அடியில் பிளவை மூடிய பனிப்பாலம் இருக்கலாம். முகட்டில் காற்று கட்டி நீட்டிய பனிக்கூரையும் அப்படியே: மேலிருந்து பார்த்தால் தரை, அடியில் வெறும் காற்று.

நட்டுபோல்ட் | ஜனவரி 23, காலை 7.48

ஸ்கிட்டின் பின்பகுதியில் அகலப் பட்டைகள் மாட்டினால் புதையாது என்று ஒருவரும் சொல்லவில்லையே. கரடிப்பாதம் என்பார்கள்.

காற்றாடி | ஜனவரி 23, இரவு 10.25

மாட்டலாம், மாட்டத்தான் வேண்டும். எடை பரவும், வால் தாழ்ந்து வால் ரோட்டார் பனியைத் தொடுவது தவிரும். ஆனால் கிளம்பும்போது அதுவே எதிரி. பொருக்கு உடைந்து பட்டை உள்ளே போய், மேலே பனி சரிந்து விழுந்து, பத்து நிமிடத்தில் கட்டிப்போனால் ஸ்கிட்டுக்கு நங்கூரம் போட்ட மாதிரி. ஒரு பக்கம் மட்டும் விடுபட்டால் கதை தெரிந்ததே.

பட்டை இல்லாவிட்டாலும் உறையும். வெயிலில் நின்று சூடான ஸ்கிட் பனியை உருக்கும், நிழல் விழுந்ததும் அந்த நீர் உறைந்து பிடித்துக்கொள்ளும். அதனால் கிளம்பும் முன் ஆள் இறங்கி இரண்டு ஸ்கிட்டையும் நுனி முதல் வால் வரை பார்த்து, மண்வெட்டியால் தோண்டி விடுவிக்க வேண்டும். இரவு முழுக்க நிறுத்துவதென்றால் முதலிலேயே அடியில் மரப்பலகை.

ஏறும் வரிசை, இறங்கியதைத் திருப்பிப் போட்டது. சைக்ளிக் மேட்டுப்பக்கம், கலெக்டிவ் மெல்ல, பள்ளப்பக்க ஸ்கிட் முதலில் எழும்பி உடல் மட்டமாக வேண்டும். மட்டமாகும்போதே சைக்ளிக் நடுவுக்கு. பிறகே நேராக மேலே, ஸ்கிட் பனியின் மேல்மட்டத்தைத் தாண்டும்வரை பக்கவாட்டில் ஒரு விரற்கடைகூட நகரக் கூடாது. எடை குறைந்த நிலையில் வால் ரோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெடலைச் சற்றே இடவலமாக அசைத்தால் இரண்டு ஸ்கிட்டும் விடுபட்டிருக்கிறதா என்று தெரியும். மூக்கு ஒரு பக்கம் மட்டும் திரும்பி மறுபக்கம் திரும்ப மறுத்தால், கலெக்டிவை இறக்கிவிட்டு மண்வெட்டிக்காரரைக் கூப்பிடுங்கள்.

காற்றாடி | ஜனவரி 24, காலை 6.40

மேலே பெடல் பற்றி எழுதியதற்கு ஒரு வரம்பு: கெட்டி ஐஸில் அதைச் செய்யாதீர்கள். அங்கே மூக்கு தாராளமாக இரண்டு பக்கமும் திரும்பும், திரும்பிக்கொண்டே பள்ளத்துக்கும் போகும்.